மூக்கு ரோஸா இருக்குமா?

சித்தப்பா வீட்டு ராஜபாளையம் நாய் குட்டி போட்டுவிட்டது என்று வெளியே தெரிந்தால் போதும், அவருடைய போனுக்கு ஓய்வு கிடையாது. மதுரை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுவார்கள். முதல் கேள்வி, சுத்த வெள்ளையா? இரண்டாவது, மூக்கு ரோஸா இருக்குமா? அப்புறம்தான் விலை. காது கேட்குமா என்று விசாரிப்பவர்கள் அபூர்வம். அப்படி யாராவது கேட்டால், இவர் ஏற்கெனவே ஒரு ராஜபாளையம் வளர்த்தவர் என்று சித்தப்பா தெரிந்துகொள்வார்.

நாய்களுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த போன் கேள்விகள்தான் ஞாபகத்துக்கு வரும். பதிலில் பாதி உயிரியல். மீதி, வாங்க வருகிறவர் முதலில் எதைக் கேட்கிறார் என்பது.

உயிரியலை முதலில் முடித்துவிடலாம். சிவாவா இரண்டு கிலோ இருக்கும். கிரேட் டேன் எழுபது, எண்பது கிலோவைத் தொடும். இரண்டும் ஒரே இனம்தான். மனிதன் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தான், அதனால் வந்த வித்தியாசம் என்பது வழக்கமாகச் சொல்லும் பதில். தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. மாட்டையும் ஆட்டையும்கூட ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பொறுக்கியெடுத்துத்தான் வளர்க்கிறோம். முயல் அளவில் ஒரு பசு யார் வீட்டுத் தொழுவத்திலும் நிற்கவில்லையே.

மனிதர்களின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 54 லட்சம் பேரின் மரபுத் தரவுகளை வைத்துத் தேடினார்கள். உயரத்தோடு தொடர்புள்ள இடங்கள் 12,000-க்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளி. அதனால்தான் ஒரு தலைமுறையில் யாரும் மனிதர்களைக் குள்ளமாகவோ நெட்டையாகவோ மாற்றிவிட முடியாது. நாய்களில் கதையே வேறு. உடல் அளவில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதியைச் சுமார் இருபது மரபணுக்களே தீர்மானித்துவிடுகின்றன. அவற்றில் ஐஜிஎஃப்1 என்ற ஒன்று மட்டுமே கணிசமான பங்கை வைத்திருக்கிறது. போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்று ஒரு நாய் வகை உண்டு. அதே வகைக்குள்ளேயே சிறிதும் பெரிதுமாக இருக்கும். அந்த நாய்களை ஆராயப் போய்த்தான் 2007-இல் இது பிடிபட்டது. பிறகு மற்ற வகைகளிலும் பார்த்தால், சிறிய நாய்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த மரபணுவின் அதே வடிவம் இருந்தது.

சரி, அந்தக் குள்ள வடிவத்தை உண்டாக்கியது நாம்தானா? இல்லை. சைபீரியாவில் கிடைத்த, சுமார் 54,000 வருஷத்துக்கு முந்தைய ஓர் ஓநாயின் எச்சத்தில் அது இருப்பதை 2022-இல் கண்டுபிடித்தார்கள். நாய் என்று உறுதியாகச் சொல்லத்தக்க எலும்புகளுக்கே பதினாலாயிரம், பதினையாயிரம் வருஷ வயதுதான். அதாவது நாய் என்று ஒன்று உருவாவதற்கு வெகுகாலம் முன்பே சரக்கு ஓநாயிடம் தயாராக இருந்தது. நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். காட்டில் அளவு மீறிச் சிறுத்தால் பட்டினி. மனிதன் போடும் சோறு இருக்கும் இடத்தில் சிறிய நாய்க்கும் ஒரு வேலை, ஒரு மடி.

முடிக்கும் இப்படித்தான். குட்டை முடி, நீள முடி, சுருட்டை, கம்பி மாதிரி விறைத்த தாடி மீசை என்று நாய்க் கண்காட்சியில் பார்க்கும் ரகங்களில் பெரும்பாலானவை மூன்றே மூன்று மரபணுக்களைக் கலைத்துப் போட்டு வந்தவை என்று 2009-இல் காட்டிவிட்டார்கள்.

அதே வருஷம் வெளிவந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பிடித்தது. டாஷ்ஹண்ட், கோர்கி, பாசெட் ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கெல்லாம் ஒரே காரணம். வளர்ச்சிக்கான எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணு நகலெடுக்கப்பட்டு, அந்தக் கூடுதல் பிரதி 18-ஆம் குரோமோசோமில் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் போய்ச் செருகிக்கொண்டது. கால் எலும்பின் வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிட்டது. நரி நுழையும் பொந்துக்குள் நுழைய ஒரு நாய் வேண்டும் என்று நினைத்தவனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 2017-இல் கணக்கின் மறுபக்கமும் தெரிந்தது. இன்னொரு பிரதி 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதுவும் காலைக் குட்டையாக்கும். கூடவே முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் தட்டுகளை இளம் வயதிலேயே இறுகிப்போகச் செய்யும். கட்டிலிலிருந்து குதித்த டாஷ்ஹண்ட் பின்னங்கால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது இதனால்தான். குட்டைக் காலைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதுகு வலியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. மரபணுக்கள் அப்படித்தான், ஒரு வேலையோடு நிற்பதில்லை.

நாய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. பிறந்த குட்டியின் முகத்துக்கும் வளர்ந்த நாயின் முகத்துக்கும் நடுவில் ரொம்ப தூரம். எங்கள் பக்கத்து வேட்டைநாயான சிப்பிப்பாறையின் குட்டியைக் கண் திறப்பதற்கு முன்னால் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உருண்டைத் தலை, மொட்டை மூக்கு, மடங்கிய காது. பக்கத்து வீட்டுத் தட்டை முக பக் நாயின் குட்டியோடு சேர்த்து வைத்தால் சட்டென்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே குட்டி நாலைந்து மாதத்தில் ஈட்டி மாதிரி முகத்தோடு நிற்கும். டார்வின் இதை அளந்தே பார்த்தார். புல்டாக், கிரேஹவுண்ட் இரண்டிலும் பெரிய நாய்களையும் ஆறு நாள் குட்டிகளையும் அளந்து, வளர்ந்த பிறகு தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த வயதில் இன்னும் வரவில்லை என்று எழுதி வைத்தார். பூனைக்குட்டியின் மண்டை ஓடு இந்த அளவுக்கு விகிதம் மாறுவதில்லை. பூனைகளில் வகைக்கு வகை மண்டை அவ்வளவு வேறுபடாததற்கு அது ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வளர்ச்சி நீண்ட பாதையில் போனால், நடுவில் எங்கே நிறுத்தினாலும் ஒரு புது முகம் கிடைக்கும்.

இது வரைக்கும் உயிரியல். இனி போன் கேள்வி.

எங்கள் பக்கத்து வேட்டைநாய்களுக்கு ஒரு காலத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முயலைப் பிடிக்குமா? கரிசல் காட்டில் கோடை உழவுக்குப் பிறகு ஒரு நிழலும் இருக்காது. அந்த வெயிலில் எழுந்து ஓடும் முயலைக் கண்ணால் பார்த்து விரட்ட வேண்டும், மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீளக் கால், மெல்லிய தோல். இதெல்லாம் யாரும் வரைந்து வைத்துப் பார்த்து உண்டாக்கியதல்ல. பிடித்த நாய்க்கு அடுத்த ஊர்க்காரன் தன் பெட்டையைக் கொண்டுவந்தான், பிடிக்காத நாயிடம் யாரும் கொண்டுவரவில்லை. நிறம் பெயர் வைக்கத்தான் பயன்பட்டது. கறுப்பு உடம்பும் புருவத்துக்கு மேலே பழுப்புப் பொட்டும் இருந்தால் கன்னி. மற்றபடி செவலை, சாம்பல், மயிலை. ஒரே ஈத்தில் கன்னியும் செவலையும் சேர்ந்து பிறந்ததைப் பெரியவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கன்னி வேறு, சிப்பிப்பாறை வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்பவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

உலகத்தில் பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான். வேலையை வைத்துத்தான் நாய். ஆடு மேய்க்கிற நாய், பன்றி மறிக்கிற நாய், காவல் நாய். ஓரங்கள் கலந்தே கிடந்தன. எல்லை போட்டுப் பிரித்தது இங்கிலாந்து. 1859-இல் நியூகாசிலில் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடந்தது. பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை வகைகளுக்கு மட்டும். 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம். ஒவ்வொரு வகைக்கும் இலக்கணம் எழுதினார்கள், பேரேடு போட்டார்கள், பேரேட்டில் இருக்கும் நாய்க்கும் நாய்க்கும் பிறந்ததுதான் சுத்தம் என்றார்கள். கதவைச் சாத்தினார்கள். இன்றைக்கு நாம் தனி வகை என்று சொல்லும் பலவும் இந்த நூற்றைம்பது வருஷத்துக்குள் இப்போதைய உருவத்துக்கு வந்தவை. ஆயிரக்கணக்கான வருஷத்தில் வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

புல்டாக்கைப் பாருங்கள். காளையோடு மோதவிடும் விளையாட்டுக்காக வளர்த்த நாய். 1835-இல் சட்டம் போட்டு அந்த விளையாட்டை நிறுத்தினார்கள். வேலை போய்விட்டது, நாய் மிச்சம். அதற்குப் பிறகு அதை வடிவமைத்தது காளை அல்ல, கண்காட்சி நடுவர். தலை பெரிதாக, இன்னும் பெரிதாக. முகம் தட்டையாக, இன்னும் தட்டையாக. பிரிட்டனில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் புல்டாக் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். தாயின் இடுப்பு வழியாகக் குட்டியின் தலை வர முடியவில்லை. தானாகக் குட்டி போடத் திணறும் ஒரு பிராணியைச் சுத்த ரத்தம் என்று கொண்டாடுவதை என்னால் ஜீரணிக்கவே முடிவதில்லை.

நம் ராஜபாளையம் விஷயத்தில் நடுவர் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வெள்ளை மட்டும் வந்துவிட்டது. பாளையக்காரர்கள் காலத்தில் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்த நாய் என்று சொல்வார்கள். 2005-இல் தபால்தலையில் வந்தது. 2020-இல் மத்திய அரசின் கால்நடை மரபு வளப் பதிவில் சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட் இவற்றோடு சேர்ந்து முதன்முதலாக இடம்பிடித்த மூன்று நாய் வகைகளில் இதுவும் ஒன்று. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோஸ் எங்கிருந்து வருகிறது?

நிறமி தரும் செல்கள் கருவில் முதுகுத் தண்டை ஒட்டிய பகுதியில் தோன்றி, அங்கிருந்து உடம்பு முழுக்க நகர்ந்து போகின்றன. நெஞ்சு, பாதம், வால் நுனி, மூக்கு முனை, இதெல்லாம் பயணத்தின் கடைசி ஊர்கள். செல்கள் போய்ச் சேராத இடம் வெள்ளை. தெருநாய்களில்கூட நெஞ்சிலும் பாதத்திலும் வெள்ளை விழுவது இதனால்தான். அந்தச் செல்கள் போய்ச் சேரவேண்டிய இடங்களில் உட்காதும் ஒன்று. அங்கே அவற்றுக்கு நிறம் கொடுக்கும் வேலை இல்லை; காதுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அவை வந்து சேரவில்லை என்றால், குட்டி பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். அப்புறம் திரும்ப வராது.

எல்லா வெள்ளையும் இப்படி அல்ல. சமோயெட் என்ற நாயும் வெள்ளைதான், ஆனால் மூக்கும் உதடும் கண்ணிமையும் கறுப்பு. அதற்கு நிறமி செல்கள் இருக்கின்றன, முடிக்கு நிறம் ஏற்றுவதில்லை, அவ்வளவே. ரோஸ் மூக்கு என்றால் மூக்குத் தோலில் நிறமியே இல்லை என்று அர்த்தம். அதைத்தான் போனில் விரும்பிக் கேட்டு வாங்குகிறோம்.

ரோஸ் மூக்கு நாய் எல்லாம் செவிடு என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் தாய் நாய்க்குக் கேட் கொக்கி அசைந்தால் போதும், எழுந்துவிடும். ஆனால் ராஜபாளையம் வளர்க்கிற எல்லோருக்கும் செவிட்டுக் குட்டி தெரிந்த சங்கதி. சித்தப்பா பார்க்கும் விதம் இது. ஐந்து வாரக் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூங்கும்போது தட்டக் கூடாது. ஒன்று தலை தூக்கினால் அதன் அசைவில் மற்றதும் எழுந்துவிடும். ஒவ்வொன்றாகத் தனி அறைக்கு எடுத்துப் போய், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. தரையை மிதிக்கக் கூடாது, அதிர்வு காலில் தெரிந்துவிடும். காற்று வரும் பக்கமும் நிற்கக் கூடாது. கேட்கிற குட்டி அந்த நொடியே திரும்பும். கேட்காதது தரையில் எதையோ நக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்பே அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும்: விளையாடும்போது மற்ற குட்டி கத்தக் கத்த விடாமல் கடிப்பது எது என்று கவனித்து வைத்திருப்பார். அது ரோஷம் இல்லை, கத்தல் காதில் விழவில்லை.

தட்டு முறையில் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தலையில் மின்முனை வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளை அதை வாங்குகிறதா என்று அளக்க வேண்டும். சித்தப்பாவுக்கு எட்டும் தூரத்தில் அந்த வசதி இல்லை. ஒற்றைக் காது நாய் நன்றாகவே வாழும். ஆனால் அதையும் ஜோடி சேர்ப்பார்கள்.

வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களில் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டும். டால்மேஷன் குட்டி புள்ளி இல்லாமல் வெள்ளையாகத்தான் பிறக்கும், புள்ளிகள் பிறகு வரும். சில குட்டிகள் மட்டும் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டோடு வரும். திட்டு உள்ள நாய்களில் செவிடு குறைவு. நிறமி செல்கள் அந்தப் பக்கம் தாராளமாக வந்திருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். கண்காட்சி இலக்கணம் என்ன சொல்கிறது? திட்டு இருந்தால் தள்ளுபடி. நன்றாகக் காது கேட்கும் வாய்ப்பு உள்ள குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

அதே நாயில் இன்னொரு கதை. டால்மேஷன் சிறுநீரில் யூரிக் அமிலம் மற்ற நாய்களைவிடப் பலமடங்கு; கல் அடைத்து அவதிப்படும். அதற்குக் காரணமான எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணு, பேரேட்டில் இருந்த அத்தனை டால்மேஷனிலும் பழுதாகவே இருந்தது. நல்லது ஒன்றுகூட மிச்சமில்லை. பெரிதாக, பிசிறில்லாமல் விழும் புள்ளிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோது பழுதும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது என்று கருதுகிறார்கள். மூடிய வீட்டுக்குள் எத்தனை தலைமுறை தேடினாலும் இல்லாத ஒன்று கிடைக்காதே. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் ஒரே ஒரு பாயிண்டர் நாயைக் கொண்டுவந்து டால்மேஷனோடு சேர்த்தார். பிறந்தவற்றைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடு மட்டுமே இணைத்தார். சில தலைமுறைகளில் பாயிண்டரின் நல்ல மரபணுவைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட டால்மேஷனாகிவிட்டது, கல் பிரச்சினை ஒழிந்தது. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வம்சத்தைப் பேரேட்டில் சேர்த்துக்கொள்ள 2011 ஆனது. நடுவில் முப்பத்தெட்டு வருஷம், கலப்பு, கலப்பு என்ற கூச்சல்.

நம் தெற்கத்தி நாய்கள் இப்போது அந்தக் கதவின் வாசலில் நிற்கின்றன என்பது என் எண்ணம். 1972-இன் வனவிலங்குச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம்தான். ஆனால் நாயைச் சோதித்த முயல் போன பிறகு அந்த இடத்துக்கு போட்டோ வந்திருக்கிறது. இன்றைக்கு சிப்பிப்பாறைக் குட்டிக்கு விலை, இடுப்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது, முகம் எவ்வளவு நீளம் என்பதில். பேப்பர் இருக்கா என்ற கேள்வியும் கிராமத்துக்கு வந்தாயிற்று. பதிவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், பதிவு இல்லாததால்தான் பல நாட்டு வகைகள் கேட்பாரற்றுப் போயின. கதவைச் சாத்துவதுதான் ஆபத்து.

குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜபாளையம் ஒரே ஆளுக்குத்தான் அடங்கும், சிப்பிப்பாறை அப்படி, கோம்பை இப்படி என்று அடித்துச் சொல்வார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த, 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் வகையின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். நம் நாய்கள் அதில் இல்லை. இருந்தாலும் சித்தப்பா வீட்டிலேயே ஒரே ஈத்தில் பிறந்த இரண்டில் ஒன்று தபால்காரரைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போகும்.

போன ஈத்தில் ஒரு பெட்டைக்குட்டி இடது காதில் பழுப்புத் திட்டோடு பிறந்தது. மூக்கில் பாதி கறுப்பு. போட்டோ பார்த்தவர்கள் எல்லோரும், "இது கிராஸ் மாதிரி இருக்கே" என்று ஒதுக்கிவிட்டார்கள். தட்டு சோதனையில் முதலில் திரும்பியது அதுதான்.

"இதை யாருக்கும் குடுக்கல. நானே வச்சுக்கிறேன்" என்றார் சித்தப்பா.

"குட்டி எடுக்கவா?"

"பின்ன என்ன, அழகு பாக்கவா? சேத்தூர்ல ஒருத்தர்கிட்ட நல்ல கடுவன் இருக்கு, காது கேக்குது, நடை பிரமாதம். கேட்டேன். திட்டு விழுந்த பெட்டைக்குத் தரமாட்டேங்கிறார். பேர் கெட்டுருமாம்."

வேறு கடுவன் தேடிக்கொண்டிருக்கிறார். மூக்கு எந்த நிறமாக இருந்தாலும் சரியாம்.